பத்துமணிப் பூ

– சீக்கிரம் பிடிங்கக்கா, தொட்டி கனக்குது. கை நழுவுச்சுன்னா கீழ் வீட்டுக்காரர் தலையிலதான் விழும்.

– விழட்டும். எனக்கு வேண்டாம்.

– இந்தச் சுவத்துக்கு மேல எவ்வளவு நேரம் தாங்கிக்கிட்டு நிப்பேன்? ஒரு கற்றாழை, ஒரு புதினா, ஒரு மணிப்பிளான்ட். மூணே மூணு. உங்க பால்கனியில ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்.

– ஏன், உன் பால்கனிக்கு என்ன வந்துச்சு?

– நான் கொஞ்ச நாள் இருக்க மாட்டேன். தண்ணி ஊத்த ஆளில்ல.

– இருந்தப்ப மட்டும் ஒழுங்கா ஊத்திக் கிழிச்சியாக்கும். கற்றாழைய அழுக வச்ச ஒரே ஆளு இந்தக் கட்டடத்துலயே நீதான். அதாவது, கற்றாழை தனக்கு வேண்டிய தண்ணிய மடலுக்குள்ளயே பதுக்கி வச்சிருக்கும். அதுக்குப் போய் தெனம் நாலு டம்ளர் ஊத்துனா வேருக்குக் காத்தே கெடைக்காம... சீ, உங்கிட்டப் போய் எதுக்கு இதெல்லாம் சொல்றேன்.

– சொல்லுங்கக்கா. அஞ்சு நாளைக்கு அப்புறம் இன்னைக்குத்தான் எங்கிட்ட வாயே தொறக்குறீங்க.

– பாப்பா எங்க? பொம்மை வண்டியத் தரையில தேச்சுக்கிட்டே வருவாளே. அந்தச் சத்தத்தையே காணோம்.

– எங்கம்மா வீட்டுல விட்டிருக்கேன்.

– ஓஹோ. பிள்ளைய அனுப்பியாச்சு. செடிய என் தலையில கட்டியாச்சு. இனி பெட்டியத் தூக்க வேண்டியதுதான் பாக்கி. செஞ்ச வேலைக்கு, என் முகத்தப் பாத்துக்கிட்டு இங்க இருக்க முடியல போல.

– என்ன செஞ்சேன்?

– அத நீயே சொல்லேன்.

– அக்கா, நைட் ஷிஃப்ட் முடிச்சு இப்பத்தான் வர்றேன். நாப்பது பேரு நெஞ்ச எக்ஸ்ரே எடுத்திருக்கேன். எனக்கு மூச்சு இழுன்னு சொல்லிச் சொல்லியே மூச்சு போயிடுச்சு. சுத்தி வளைக்காதீங்க.

– உள்ள இருக்கிறத வெளிய காட்டுறதுதானே உன் தொழிலு. அத ஆஸ்பத்திரியோட நிறுத்தியிருக்கலாம்.

– தொட்டிய முதல்ல பிடிங்க. அப்புறம் திட்டுங்க.

– குடு. செடி என்ன பாவம் பண்ணுச்சு. குடு இங்க. ஐயோ, மண்ணப் பாரு, சிமெண்டு மாதிரி இறுகிக் கெடக்கு. இத ஒரு தடவையாவது கிளறி விட்டியா?

– அக்கா, அந்தப் பத்துமணிப் பூ எத்தனை மணிக்கு விரியும்?

– என்ன கிண்டலா?

– இல்ல, நெசமாத்தான் கேக்குறேன்.

– பேருலயே மணிய வச்சிருக்காங்க. அதையும் எங்கிட்டக் கேக்குற. பேச்ச மாத்தாத. அஞ்சு நாளா இந்த முக்காலியில உக்காந்து ஒவ்வொண்ணா யோசிச்சிருக்கேன். வேலைக்கும் வராதேன்னுட்டாங்க, யோசிக்க நேரத்துக்கா பஞ்சம்? எப்படி யோசிச்சேன்னு சொல்றேன், கேளு.

– சொல்லுங்க.

– போலீஸ்காரங்க வந்தது புதன்கிழமை பதினோரு மணிக்கு. நான் ஏழரை மணிக்குக் கதவப் பூட்டிட்டு தையல் கம்பெனிக்குப் போனேன்னா, சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் திரும்புவேன். இது இந்தக் கட்டடத்துக்கே தெரியும். ஒருத்தன் வீட்டுல இருக்கானான்னு சந்தேகம் இருந்தா என்ன பண்ணுவாங்க? நான் இருக்கிற நேரமாப் பாத்து வந்து மணியடிப்பாங்க, கேள்வி கேப்பாங்க. இவங்க மணியே அடிக்கல. நேரா கதவ உடைச்சாங்க. அதாவது, நான் இல்லாதப்ப வீட்டுக்குள்ள ஒரு ஆளு நடமாடுறான்னு அவங்களுக்குச் சந்தேகம் இல்ல. நிச்சயமாத் தெரியும்.

– சரி.

– பகல்ல இந்த மாடியில வீட்டோட இருக்கிறது யாரு? நீ ஒருத்திதான். ராத்திரி வேலை, பகல் தூக்கம். நடுவுல இருக்கிறது அரைச் செங்கல் சுவரு. நான் இங்க ஏப்பம் விட்டா நீ அங்க என்ன சாப்பிட்டேன்னு சொல்லுவ.

– அதுவும் சரி.

– ரெண்டு வாரம் முன்னாடி நீயே எங்கிட்டக் கேட்ட. ஞாபகம் இருக்கா? "அக்கா, மத்தியானம் உங்க தொட்டியிலேர்ந்து தண்ணி சொட்டுது, கீழ் வீட்டுத் துணியெல்லாம் நனையுதாம்"னு. உடனே அந்த பாட்டில் விஷயத்தச் சொன்னேன்.

– பாட்டில்ல தண்ணி ரொப்பி, மூடியில ஓட்டை போட்டு, திரி மாதிரி ஒரு துணிய நுழைச்சு, தலைகீழா மண்ணுல குத்தி வச்சுட்டா, மண்ணு காயக் காயத் திரி தானா தண்ணிய இறக்கும். வேலைக்குப் போறவங்களுக்கு ரொம்ப வசதி. கால் மணி நேரம் சொன்னீங்க. படம் கூட வரைஞ்சு காட்டுனீங்க.

– நல்லா நம்புன மாதிரி தலையாட்டுன.

– அக்கா, உங்க பால்கனியில ஒரு பாட்டில் கூட இல்லையேக்கா. சுவத்துக்கு இந்தப் பக்கம் நின்னே எனக்குத் தெரியுதே. நீங்க சொல்றப்ப நான் அதத்தான் எண்ணிக்கிட்டு இருந்தேன். பூஜ்ஜியம்.

– ஆக, உனக்கு அப்பவே தெரியும்.

– அதுக்கும் முன்னாடியே தெரியும்.

– பாரு! ஒத்துக்கிட்டா பாரு!

– முதல் வாரத்துலயே தெரியும். தூசிக்கு ஒருத்தன் தும்முவான். தும்மி முடிச்சதும் தலகாணியில வாயப் பொத்திக்கிட்டு இருமுவான். பத்து வருஷமா நெஞ்சப் படம் எடுக்கிறவ நான். அது உங்க இருமல் இல்லன்னு தெரியாதா?

– தெரிஞ்சுதான் பகலெல்லாம் அந்த ரேடியோவக் காது கிழியுற மாதிரி அலற விட்டியா? எம்பிள்ளை ஒரு நாள் கண்ண மூடல. "அம்மா, பக்கத்து வீட்டுல என்ன தெனமும் கல்யாணமா?"ன்னு கேப்பான்.

– அந்த ரேடியோ எதுக்குன்னு யோசிச்சீங்களா? ராத்திரியெல்லாம் முழிச்சிட்டு வந்தவ, பாட்ட அலற விட்டுட்டா தூங்குவா? அவன் இருமுறப்பல்லாம் சத்தத்தக் கூட்டுவேன். நாப்பத்தேழு நாளு நான் காதுல பஞ்சு வச்சுக்கிட்டுத் தூங்கியிருக்கேன்க்கா. அந்த முக்காலியில உக்காந்து யோசிச்சப்ப இதையும் கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்.

– நீ சொல்றத நான் எப்படி நம்புறது?

– நம்பாதீங்க. அந்தப் பூ எத்தனை மணிக்கு விரியும்னு மட்டும் சொல்லுங்க.

– பைத்தியமா உனக்கு? எம்புள்ள எந்த ரூமுல என்ன அடி வாங்குறான்னு தெரியாம ஒருத்தி உக்காந்திருக்கேன். பூவாம் பூவு. தப்பு பண்ணது யாரு? ஆலையில தீப்பிடிச்சப்ப கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்துச்சு. ஏழு பேரு உள்ளயே வெந்து போனாங்க. அந்தப் பூட்ட இவன் ஃபோன்ல படம் பிடிச்சு நாலு பேருக்கு அனுப்புனான். அவ்வளவுதான். பூட்டுனவன் காருல போறான். பூட்டியிருந்துச்சுன்னு காட்டுனவன் கம்பி எண்ணுறான்.

– தெரியும்க்கா.

– வந்த புதுசுல அவன் எப்படி இருந்தான் தெரியுமா? ரெண்டு வாரம் சுவத்தப் பாத்துப் படுத்தே கெடந்தான். சோத்தக் கொண்டு வச்சா வச்ச இடத்துலயே இருக்கும். நான் வேலைக்குப் போறப்ப, திரும்பி வர்றப்ப இவன் உசுரோட இருப்பானான்னு நெனச்சுக்கிட்டேதான் பஸ் ஏறுவேன். அப்புறம் ஒரு நாள் வேற வழி தெரியாம, "டேய், நான் இல்லாதப்ப செடிக்காவது தண்ணி ஊத்துடா"ன்னேன்.

– எழுந்து நிக்க முடியாதே. எதிர் பிளாக்குக்குத் தெரியுமே.

– எங்க நின்னான்? தவழ்ந்துதான் வருவான். இந்தக் கைப்பிடிச் சுவரு இருக்கே, அதுக்குக் கீழயே மல்லாந்து படுத்துக்கிட்டு, கைய மட்டும் தூக்கி ஊத்துவான். இருபத்தாறு வயசு ஆம்பள, கைக்கொழந்த மாதிரி தவழ்ந்தான். விரல மண்ணுல ரெண்டாவது கணு வரைக்கும் விட்டுப் பாரு, ஈரம் ஒட்டுனா ஊத்தாத, உதிர்ந்தா ஊத்துன்னு சொல்லிக் குடுத்தேன். நீ கேக்காதத அவன் கேட்டான். நாலாவது நாளு நான் வந்து செருப்பக் கூடக் கழட்டல, "அம்மா, புதினா மூணு புது இலை விட்டிருக்கு"ங்கறான். ஊருல யாரப் பிடிச்சாங்க, எவனக் காணோம்னு கேக்குறவன், இலையப் பத்திப் பேசுறான். அன்னைக்கு ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

– சிரிப்பீங்க ரெண்டு பேரும். கேக்கும்.

– வாயப் பொத்திக்கிட்டுத்தான் சிரிச்சோம்.

– அப்படியும் கேக்கும். நான் வேலைக்குக் கெளம்புற நேரம். ஊரே செத்த வீடு மாதிரி கெடக்குறப்ப, ஒரு சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரோ சிரிக்கிறாங்கன்னு நெனச்சுக்கிட்டே பஸ்ஸுக்குப் போவேன். சும்மா சொல்லல.

– அந்தச் சிரிப்ப யாரோ கொண்டு போய் வித்துட்டாங்களே. யாருன்னு சொல்லு. நீ இல்லன்னா வேற யாரு? எனக்கு ஒரு பேரு வேணும். ராத்திரியில திட்டுறதுக்காவது ஒரு பேரு வேணும்.

– வேண்டாம்க்கா.

– அப்ப நீதான்.

– வேண்டாம்னு சொல்றேன்ல.

– நீதான். பாப்பா தலையில அடிச்சு இல்லன்னு சொல்லு பாப்போம்.

– பாப்பாவ இழுக்காதீங்க! சரி. உங்க ஃபோன் எங்க?

– அவங்க கிட்ட. கம்பெனியில உள்ள போறப்பவே எல்லார் ஃபோனையும் வாங்கிப் பெட்டியில போட்டுருவாங்கல்ல. அன்னைக்கு அந்தப் பெட்டியிலேர்ந்தே எடுத்துட்டுப் போயிட்டாங்க. இன்னும் தரல.

– அதான், நீங்க பாக்கல. புதன்கிழமை காலையில வேலைக்குப் போறப்ப நம்ம கட்டடத்து செடி குரூப்புல ஒண்ணு போட்டீங்க. ஞாபகம் இருக்கா?

– படம். பத்துமணிப் பூ படம். ரெண்டு மாசமா மொட்டே விடாம இருந்த செடி. முதல் பூ. பஸ்ஸுல உக்காந்து அனுப்புனேன். எல்லாரும் பயந்து செத்துக்கிட்டு இருக்காங்களே, காலையில எழுந்ததும் ஒரு நல்லதப் பாக்கட்டுமேன்னு.

– படம் யாரு எடுத்தது?

– அவன்தான். சிம் கார்டு இல்லாத பழைய ஃபோன் ஒண்ணு குடுத்து வச்சிருந்தேன். செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குப் போனப்ப எடுத்திருக்கான். சாயங்காலம் நான் வர்றதுக்குள்ள பூ மூடிக்கும்ல, அம்மா பாக்கணுமேன்னு எடுத்து வச்சிருந்தான்.

– படத்துக்குக் கீழ என்ன எழுதுனீங்க?

– "நேத்து பூத்தது. எங்க வீட்டு முதல் பூ"ன்னு.

– அதுக்கு முந்தின வாரம் அதே குரூப்புல அந்தப் பூவப் பத்தி ஒரு பாடமே எடுத்தீங்களே. என்ன சொன்னீங்க?

– அதாவது, வெயில் நேரா மேல விழுந்தாத்தான் இதழத் தொறக்கும். எதிர் பிளாக்கோட நிழலு நம்ம பக்கத்த விட்டு நகர பத்தரை ஆயிடும். அதனால நம்ம வீடுகள்ல பத்தரைக்கு முன்னாடி விரியாது. மூணு மணிக்குள்ள மூடிக்கும். ஒரு பூவுக்கு ஒரே நாள்தான் ஆயுசு, மறுநாள் அதே பூ...

– ம். சொல்லுங்க. நிறுத்திட்டீங்க.

– மறுநாள் அதே பூ திரும்ப விரியாது.

– நேத்துப் பூத்ததுன்னு வேற எழுதிட்டீங்க, அதனால ஞாயித்துக்கிழமை லீவுல எடுத்த படம்னும் சொல்ல முடியாது. இந்தாங்க, என் ஃபோன். நீங்களே படிங்க.

– கண்ணாடி உள்ள இருக்கு. நீ படி.

– எட்டு பத்துக்கு ரெண்டாவது மாடி டிரைவிங் ஸ்கூல் அண்ணன் போட்டிருக்காரு: "சூப்பர்க்கா! ஆனா பத்தரைக்கு மேலதான் விரியும்னு நீங்கதானே சொன்னீங்க? அந்நேரம் நீங்க வேலையில இருப்பீங்களே, யாரு எடுத்தது?" பக்கத்துல ஒரு சிரிக்கிற பொம்மை.

– அந்தப் படுபாவியா!

– அவரு பாவம்க்கா, ஒண்ணும் தெரியாது. அந்தக் குரூப்புல உங்க பாடத்த ஒழுங்காப் படிச்ச ஒரே ஆளு அவருதான். கேள்விய நாப்பத்திரண்டு பேரும் படிச்சிருக்காங்க. அதுல எவரு யோசிச்சாங்க, எவரு ஃபோன் போட்டாங்கன்னு யாருக்குத் தெரியும். எட்டு பத்துக்குக் கேள்வி. பதினோரு மணிக்கு ஆளுங்க வந்துட்டாங்க.

– உரத்துக்கு வெங்காயத் தோல் தண்ணி எத்தனை நாள் ஊறணும்னு கேட்டவங்க. பூச்சிக்கு மருந்து கேட்டு என் வாசப்படியில நின்னவங்க.

– அவங்கள்ல ஒருத்தரு.

– இல்ல. அவங்க இல்ல. நானு.

– அக்கா.

– நான்தான். நானே ஊரக் கூட்டி, பூ எப்ப விரியும்னு சொல்லிக் குடுத்து, விரிஞ்ச பூவையும் காட்டி, அந்நேரம் நான் வீட்டுல இல்லன்னும்... ஒரு படத்தால ஒளிஞ்சான். இன்னொரு படத்தால மாட்டிக்கிட்டான். எனக்கு வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதே. எதுக்கெடுத்தாலும் அதாவது, அதாவதுன்னு...

– இதுக்குத்தான் வேண்டாம்னேன்.

– அவனுக்குத் தெரியுமா?

– தெரிய வழியில்ல. தெரியவும் வேண்டாம்.

– நீ ஏன் முதல்லயே சொல்லல? இவ்வளவு நேரம் உன்ன என்னென்ன சொன்னேன்.

– சொல்லிக்கோங்க. எனக்கு அது ஒண்ணும் பாரமில்ல. உங்களுக்கு ஒரு பேரு வேணும்னீங்க. என் பேரே இருந்துட்டுப் போகட்டும்னு பாத்தேன். நீங்க பாப்பா தலைய இழுத்ததாலதான் வந்துச்சு.

– தண்ணி குடிக்கணும் போல இருக்கு.

– குடிச்சிட்டு வாங்க. நான் இங்கயே நிக்கிறேன்.

– வேண்டாம். அந்தக் கேள்விக்கு யாராவது பதில் போட்டாங்களா?

– ம்.

– யாரு?

– எட்டு பதினொண்ணுக்கு. "நான்தான் சுவர் எட்டி எடுத்து அக்காவுக்கு அனுப்புனேன், தூங்கி எழுந்ததும் கண்ணுல பட்டுச்சு, அழகா இருந்துச்சு"ன்னு. டிரைவிங் ஸ்கூல் அண்ணன் அதுக்குக் கட்டை விரல் போட்டிருக்காரு.

– நீயா?

– பஸ்ஸுல நின்னுக்கிட்டே. ஒரு கையில கம்பி, ஒரு கையில ஃபோனு. ஒரு நிமிஷம்தான் லேட்டு. அதுக்குள்ள படிச்சவங்க படிச்சுட்டாங்க.

– அம்மா...

– அவங்க கிட்ட நீங்க என்ன சொல்லியிருக்கீங்க? யோசிச்சுச் சொல்லுங்க. அப்படியே சொன்னபடி.

– அவன் புதன்கிழமை காலையிலதான் வந்திருக்கான், அவன் கிட்ட ஒரு சாவி இருந்துச்சு, நான் வேலைக்குப் போன பெறகு தொறந்து உள்ள வந்திருக்கான், எனக்கு எதுவுமே தெரியாதுன்னு. மாட்டுனா இப்படித்தான் சொல்லணும்னு முன்னாடியே பேசி வச்சிருந்தோம். அவனும் அதையேதான் சொல்லியிருக்கானாம். நாப்பத்தேழு நாளு ஒளிச்சு வச்சேன்னு தெரிஞ்சா என்னையும் உள்ள தள்ளிருவாங்க, அப்புறம் அவனுக்காக வெளியில அலைய நாய் கூட இல்லன்னு வக்கீல் சொன்னாரு.

– அந்தப் பழைய ஃபோன் அவங்க கையில சிக்குச்சா?

– இல்ல. கதவ உடைக்கிறப்ப தவழ்ந்து வந்து மண்ணுக்குள்ள அமுக்கியிருக்கான். வியாழக்கிழமை ஈரம் பாக்கலாம்னு விரல விட்டேன், நகத்துல இடிச்சுச்சு. அந்தப் பூச்செடிக்குக் கீழயே.

– அங்கேயே இருக்கட்டும். செவ்வாய்க்கிழமையே அவன் இங்க இருந்தான்னு அது ஒண்ணே காட்டிக் குடுத்துடும். அக்கா, அந்தப் படத்துல பூவுக்குப் பின்னாடி வானம் தெரியுது.

– படுத்துக்கிட்டு எடுத்தான்ல, அதான். கீழேர்ந்து மேல பாத்த படம்.

– சுவத்துக்கு இந்தப் பக்கம் நின்னு எடுத்தா வானம் தெரியுமா?

– எப்படித் தெரியும்? மேலேர்ந்து கீழ பாப்ப. மண்ணுதான் தெரியும், தொட்டி விளிம்பு தெரியும். தொட்டி கொக்கியில தொங்குனா வேணும்னா, கைய நீட்டிக் கீழேர்ந்து... ஏன் கேக்குற?

– கொக்கி. நல்லாருக்கு. பாட்டில் மாதிரி இதையும் ஒரு படம் வரைஞ்சு குடுங்க. அன்னைக்கு வெயில் எந்தப் பக்கத்துலேர்ந்து வந்திருக்கும்? மொட்டு காலையில என்ன நெறத்துல இருக்கும்? மூடுறப்ப இதழு சுருங்குமா, உதிருமா?

– எதுக்குடி இதெல்லாம் இப்ப? வந்ததுலேர்ந்து பூவு பூவுங்கற. வாங்கி வச்ச கற்றாழையையே காப்பாத்தத் தெரியாதவ நீ.

– நாளைக்குக் காலையில பத்து மணிக்கு என்னை வரச் சொல்லியிருக்காங்க, அந்தப் படத்த நீதான் எடுத்தியான்னு கேக்குறதுக்கு. ஆமான்னு சொல்லப் போறேன், அதனால முதல்லேர்ந்து மெதுவாச் சொல்லிக் குடுங்கக்கா, இத்தனை வருஷத்துல நீங்க செடியப் பத்திச் சொன்னது ஒண்ணக் கூட நான் காது குடுத்துக் கேட்டதே இல்ல.